போலீஸ் படம் எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக எழுத வருகிறவர்கள் அனுப்பும் காவல்துறைத் திரைக்கதைகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். எல்லாவற்றிலும் 'யதார்த்தமான படம்' என்ற குறிப்பு முதல் பக்கத்திலேயே இருக்கிறது. உள்ளே போனால், நானும் என் வயதுக்காரர்களும் உதவி இயக்குநர்களாக இருந்தபோது எழுதிய அதே காட்சிகள் அப்படியே திரும்பி வருகின்றன. பறக்கும் ஜீப், கறுப்புக் கண்ணாடி, பஞ்ச் வசனம் ஆகியவற்றை இங்கே தொடப் போவதில்லை. அவை வேண்டாம் என்பது இன்று எல்லோருக்கும் தெரியும்.

அடித்தால் உண்மை வரும், வழக்கு முடியும்

இடைவேளைக்குச் சற்று முன் இந்தக் காட்சி வந்துவிடும். சந்தேகப்படும் ஆளை ஓர் அறையில் அடைத்து அடிக்கிறார்கள். அவன் உடைந்துபோய் எல்லாவற்றையும் கொட்டுகிறான். நாயகன் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போகிறான். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இதைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சான்றாகாது. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் இது 25ஆம் பிரிவு. அதற்குப் பதிலாக வந்த, இப்போதைய பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 23ஆம் பிரிவு. அவன் சொன்னதை வைத்து ஒரு பொருள் கிடைத்தால், அந்தக் கண்டெடுப்போடு நேரடித் தொடர்புள்ள பகுதி மட்டும் நிற்கும். அதனால்தான் நம் ஊரில் வாக்குமூலம் எழுதும்போது கிராம நிர்வாக அலுவலரையும் அவருடைய உதவியாளரையும் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். கிணற்றிலோ முட்புதரிலோ கிடக்கும் அரிவாளை அவர்கள் முன்னிலையில் எடுத்து, கைப்பற்றியதற்கான பதிவாக மகஜர் எழுதுகிறார்கள். கைதான 24 மணி நேரத்துக்குள் ஆளைக் குற்றவியல் நடுவர் முன் நிறுத்த வேண்டும். "உன்னை அடித்தார்களா?" என்று நடுவர் கேட்கும்போது, அவனை அழைத்து வந்த காவலர் எங்கே நிற்கிறார், யாரைப் பார்க்கிறார்? ஆண்டுகள் கழித்து விசாரணை வரும்போது அந்த மகஜர் சாட்சி முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லிப் பிறழ்சாட்சியானால் என்ன ஆகும்? நாடகம் முழுக்க இங்கே கிடக்க, எழுதுகிறவர்கள் அடிப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு படம் இதில் மாட்டியது. படப்பிடிப்பு முடிந்து, படத்தொகுப்பில் ஓய்வுபெற்ற ஆய்வாளர் ஒருவரை அழைத்துப் போட்டுக் காட்டினார்கள். பார்த்து முடித்தவர், "தம்பி, ரெக்கவரி எங்கே?" என்று, அதாவது கண்டெடுத்த பொருள் எங்கே என்று மட்டும் கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. இரண்டாம் பாதி முழுவதும் நீதிமன்றம்; அந்த வழக்கு நிற்பதற்கு ஒரு சான்றுகூடக் கதையில் கிடையாது. பிரித்த அரங்கை மறுபடி போட்டார்கள், நடிகர்களின் தேதியைக் கெஞ்சி வாங்கினார்கள். எல்லாம் தயாரிப்பாளர் வட்டிக்கு வாங்கிய பணம்.

பணத்தை ஈடுகட்டலாம். அந்த அறைக்கு வெளியே இருப்பவர்களைத் தொலைத்ததை எப்படி ஈடுகட்டுவது? பாரா நிற்கும் காவலருக்கு உள்ளே கேட்கும் அலறல் கேட்கிறது. நிலையத்தின் பொது நாட்குறிப்பில் எந்த நேரத்தைக் குறிப்பது என்று தெரியாமல், எழுத்து வேலை பார்க்கும் காவலரான ரைட்டர் உட்கார்ந்திருக்கிறார். சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் தந்தையும் மகனும் இறந்த வழக்கில், அன்றிரவு நிலையத்துக்குள் நடந்ததை நடுவரிடம் சொன்னவர் அங்கேயே பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர். கண்காணிப்புக் கேமரா பதிவுகள் நாள்தோறும் தாமாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததையும் நடுவரின் அறிக்கை சொன்னது. கூட வேலை பார்ப்பவர்களுக்கு எதிராக, அவர்கள் வெளியே நின்றுகொண்டிருக்கும்போதே, ஒரு தலைமைக் காவலர் வாய் திறக்கிறார். காவலர் வாழ்க்கையைப் படமாக எடுக்க விரும்புகிறவர், அந்தத் தலைமைக் காவலர் வீட்டிலிருந்து கிளம்பும் காலையிலிருந்து எழுதத் தொடங்கலாம். லத்தி பிடித்த கையை நெருக்கமாகக் காட்டிக்கொண்டிருந்தால் அவர் கண்ணிலேயே பட மாட்டார்.

காக்கி போட்டவர் எல்லாம் ஒன்று

புதிதாகச் சேர்ந்தவர் நேரே காவல் நிலையத்தில் துப்பு துலக்க உட்காருவதில்லை. பெரும்பாலும் ஆயுதப்படையில் பல ஆண்டுகள் கழித்த பிறகே தாலுகா நிலையத்துக்கு வருகிறார். நெடுநாள் இருந்த முறைப்படி, இரண்டாம் நிலைக் காவலர் 10 ஆண்டில் முதல் நிலைக் காவலர், 15இல் தலைமைக் காவலர், 25இல் சிறப்பு உதவி ஆய்வாளர். அவருக்கு உத்தரவு போடுகிறவர் நேரடித் தேர்வில் வந்த, அவருடைய மகன் வயதுள்ள உதவி ஆய்வாளராக இருக்கலாம். அந்தப் பையனை அவர் 'ஐயா' என்றுதான் அழைக்க வேண்டும். திரைக்கதைகளில் இந்தப் பெரியவர் தேநீர் வாங்கி வருவதற்கும் சிரிப்பு மூட்டுவதற்கும் மட்டுமே வருகிறார். ஊரில் எந்தத் தெருவில் யார் வீடு, யாருக்கு யார் பகை என்று அந்த நிலையத்தில் அறிந்தவர் அவர் ஒருவர்தான்.

தண்டனை என்றால் பணியிடை நீக்கம்

3பி மெமோ என்று, துறை விசாரணைக்கான குற்றச்சாட்டுக் குறிப்பாணை ஒன்று இருக்கிறது. விசாரணை இழுக்கும், ஊதிய உயர்வு நிற்கும், பதவி உயர்வு தள்ளிப்போகும். சட்டையைக் கழற்றி வீசுகிற காட்சியைவிட அது கொடுமையானது.

வீடு

காவலர்களுக்கு வார விடுமுறை தர 2021இல் தமிழக அரசு ஆணை பிறப்பித்தது. திருவிழா பந்தோபஸ்து வந்தால் அந்த நாள் என்ன ஆகிறது என்று ஒரு காவலரின் மனைவியிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். கதவருகே நின்று அழுவதற்காக மட்டும் அவரைப் படைக்காதீர்கள்.

ஆர்டர்லி

அதிகாரிகளின் வீட்டு வேலைக்குக் காவலர்களை வைத்துக்கொள்ளும் இந்த முறையை 1979இலேயே ஒழித்தாயிற்று என்பது அரசாணை. 2022இலும் சென்னை உயர் நீதிமன்றம் அதைப் பற்றிக் கண்டித்துப் பேச வேண்டியிருந்தது. அதிகாரி வீட்டில் துணி துவைத்த காவலரைப் பற்றி எனக்கு இதுவரை ஒரு திரைக்கதைகூட வரவில்லை.

என்கவுன்டர்

சுட்ட கையோடு பதவி உயர்வோ வீரப் பதக்கமோ தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொல்லிவிட்டது. உங்கள் கடைசிக் காட்சியைத் திருத்துங்கள்.

பிரிவு எண்

2024 ஜூலை 1 முதல் நடக்கும் கொலைக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 302 கிடையாது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 103.

தோள்பட்டை

மூன்று நட்சத்திரத்தோடு சிவப்பு நீல நாடா இருந்தால் ஆய்வாளர். நாடா இல்லாவிட்டால் துணைக் கண்காணிப்பாளர்.