ஆண்களுக்கான கவரிங் செயின்: வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

கவரிங் செயின் வாங்கச் செல்பவர் பெரும்பாலும் முதலில் பார்ப்பது அதன் நிறத்தைத்தான். கடையின் மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் எந்தச் செயினும் பவுன்போலவே மின்னும் என்பதால், நிறத்தை மட்டும் நம்பித் தேர்ந்தெடுப்பது பலரும் செய்யும் முதல் தவறு. அந்த நிறம் எத்தனை மாதம் நிற்கும் என்பதை மேலே பூசிய தங்கத்தின் கனமும், உள்ளே இருக்கும் உலோகமும், அணிபவரின் வியர்வையும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

'ஒரு கிராம் தங்க நகை' என்ற பெயரைக் கேட்டு, செயினில் ஒரு கிராம் தங்கம் இருப்பதாக நினைத்துவிட வேண்டாம். முலாமின் கனத்தை மைக்ரான் கணக்கில் சொல்வார்கள். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் 1000-இல் ஒரு பங்கு. மெல்லிய 24 அங்குலச் செயின் ஒன்றின் மேற்பரப்பு 30 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு மைக்ரான் கனத்துக்கு முலாம் பூச ஏறத்தாழ 58 மில்லிகிராம் தங்கம் போதும். மலிவான செயின்களில் பூச்சு பெரும்பாலும் 0.1, 0.2 மைக்ரான் அளவிலேயே இருப்பதால், அவற்றில் உள்ள தங்கம் 6 முதல் 12 மில்லிகிராம்தான். ஆகவே கடைக்காரரிடம் "எத்தனை மைக்ரான்?" என்றே கேளுங்கள். தெளிவான பதில் கிடைக்காவிட்டால், அதைச் சாதாரண மெல்லிய பூச்சு என்று கருதி, அதற்குத் தகுந்த விலையை மட்டும் கொடுங்கள்.

உள்ளே இருப்பது என்ன உலோகம் என்பது அடுத்த கேள்வி. செம்பு, பித்தளை ஆகியவற்றின் மேல் பூசிய முலாம் தேய்ந்ததும், வியர்வையிலுள்ள உப்பு அந்த உலோகத்தோடு வினைபுரிந்து கழுத்தில் பச்சையாகவோ கறுப்பாகவோ படியும். சிலருக்கு நிக்கல் ஒவ்வாமையால் அரிப்பும் தடிப்பும் வரும். முலாமுக்கு அடியில் நிக்கல் பூச்சு கொடுக்கும் வழக்கம் இருப்பதால், வாட்ச் பக்கிளோ பெல்ட் பக்கிளோ பட்ட இடத்தில் அரிப்பு வந்த அனுபவம் உள்ளவர்கள் இதைக் கேட்காமல் வாங்கவே கூடாது. அவர்களுக்கு வெள்ளியின் மேல் நேரடியாகத் தங்கம் பூசிய செயின் நல்லது. 316எல் வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் நிக்கல் உண்டு என்றாலும், அது வெளியே கசிவது மிகக் குறைவு.

ஆண்களின் செயின் சட்டைக் காலரோடு நாள் முழுவதும் உரசுவதால் முலாம் முதலில் போவது பின்கழுத்துப் பக்கத்திலும், வளையங்கள் ஒன்றோடொன்று உராயும் இடங்களிலும், கொக்கியிலும்தான். கனமான டாலர் கோக்க நினைப்பவர்கள் மெல்லிய செயினைத் தவிர்த்து, வளையங்கள் இடைவெளியின்றிப் பற்றவைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். செயினைப் பருத்தித் துணியின் மேல் மெதுவாக இழுத்துப் பாருங்கள். நூல் மாட்டினால் அந்த இடத்தில் வளையத்தின் வாய் திறந்திருக்கிறது, நாளை அங்கே மார்பு முடியும் சிக்கும்.

காந்தம் ஒட்டவில்லை என்பதற்காகத் தங்கம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். செம்பிலும் பித்தளையிலும்கூடக் காந்தம் ஒட்டாது. கவரிங் நகையில் 22 காரட் தங்கத்தைக் குறிக்கும் '916' என்ற எண்ணைப் பொறித்திருந்தாலும் அது ஹால்மார்க் ஆகாது, ஏனென்றால் முலாம் பூசிய நகைக்குத் தங்க ஹால்மார்க் கிடையாது. 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் தங்க நகையில் எச்.யு.ஐ.டி. என்ற, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கத் தனி அடையாளக் குறியீடு இருக்க வேண்டும், அதை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் சரிபார்க்கலாம். தெருவில் ஒருவர் அவசரத் தேவை என்று சொல்லி 'பவுன் செயினை' மலிவாக நீட்டினால், அதை வாங்காமல் விலகிவிடுவதே பாதுகாப்பு.

ஆறு மாதம், ஒரு வருடம் என்று கியாரண்டி தருவார்கள். அந்த அட்டையின் பின்பக்கத்தைக் கடையில் நின்றே படியுங்கள்: தண்ணீர், வியர்வை, சென்ட் பட்டால் பொறுப்பில்லை என்று அதில் அச்சிட்டிருந்தால், தினமும் அணியும் ஆணுக்கு அந்தக் கியாரண்டியால் பயனே இல்லை. நிறம் போனால் மாற்றித் தருவார்களா, மறுமுலாம் பூசித் தருவார்களா, அதற்குக் கூலி எவ்வளவு என்பவற்றைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால், பெரிதாக்கிய படத்தைப் பார்த்து ஏமாறாமல், நீளத்தை அங்குலத்திலும் அகலத்தை மில்லிமீட்டரிலும் பாருங்கள். வீட்டிலுள்ள பழைய செயினை அளந்து ஒப்பிட்டால் சரியான அளவு தெரிந்துவிடும்.

வாங்கிய பிறகு, பவுன் நகையைப்போலப் பூந்திக்கொட்டையிலோ பற்பசையிலோ தேய்த்துக் கழுவக் கூடாது. ஒரு மைக்ரான்கூட இல்லாத பூச்சு அந்தத் தேய்ப்பைத் தாங்காது. இரவில் கழற்றி, மென்மையான உலர்ந்த துணியால் வியர்வையை ஒற்றியெடுத்து, தனிப் பையில் போட்டு வைத்தால் போதும்.