பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் யாழ்ப்பாண மாணவருக்கு

இரத்மலானையிலுள்ள ஜெனரல் சேர் ஜோன் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம், 1981ஆம் ஆண்டின் 68ஆம் இலக்கச் சட்டத்தால் பாதுகாப்புக் கல்விக்கழகமாக அமைக்கப்பட்டு, 2007இல் இப்போதைய பெயரைப் பெற்றது. இங்கு இரண்டு வழிகளில் சேரலாம் என்பதை உயர்தர மாணவர் முதலில் தெளிவாக உணர வேண்டும். பயிலிளவல் அதிகாரியாகச் சேர்பவர் பட்டப்படிப்போடு இராணுவப் பயிற்சியும் பெற்று, பின்னர் முப்படைகளில் ஒன்றில் பணியாற்றக் கடமைப்பட்டவராவார். கட்டணம் செலுத்திப் பயிலும் பகல்நேர மாணவருக்கு அக்கடமை இல்லை. போரைக் கண்ட குடும்பங்களில் இந்த வேறுபாடு வெறும் நிர்வாக விடயமன்று. ஆகவே விண்ணப்பத்துக்கு முன்பே பெற்றோருடன் ஒளிவுமறைவின்றிப் பேசிவிடுங்கள்.

வயது, உயரம், பாடப் பெறுபேறு ஆகிய தகைமைகளை அண்ணனோ அயலவரோ சொன்னபடி நம்பாமல், அவ்வாண்டு அறிவித்தலில் சரிபாருங்கள்.

தமிழில் உயர்தரம் கற்றவருக்கு உண்மையான தடை ஆங்கிலமே, ஏனெனில் விரிவுரைகள் அம்மொழியிலேயே நடைபெறுகின்றன. பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரையுள்ள மாதங்களில், உங்கள் பாடத்தின் ஒரு அலகை நாள்தோறும் ஆங்கிலத்தில் வாசித்து, அதை நண்பரிடம் வாய்விட்டு விளக்கிப் பழகுங்கள். நேர்முகத் தேர்வுக்கும் இதுவே கைகொடுக்கும். பயிலிளவலாக விரும்புவோர் முற்றவெளியில் காலை ஓட்டத்தையும் இப்போதே தொடங்கலாம். மருத்துவப் பரிசோதனை இருப்பதால், கண்பார்வையை முன்கூட்டியே சோதித்துக்கொள்வது நல்லது. நேர்முகத் தேர்வுக்கு இரவு ரயிலில் சென்று அன்றே நேரே போய் நிற்பதைவிட, முதல்நாளே கொழும்பை அடைந்து ஓய்வெடுங்கள்.