வீட்டுக் கம்ப்யூட்டரையும் வாட்ஸ்அப்பையும் எந்த வரிசையில் பூட்டுவது

பெங்களூரில் அல்சூர், ஜோகுபாளையா, மர்பி டவுன் பக்கம் வீடு வீடாகப் போய் கம்ப்யூட்டர் பார்ப்பது என் தொழில். கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் எச்.ஏ.எல்., பி.இ.எல். என்று ஏதாவது ஒரு தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்ற தமிழ்க் குடும்பத்தார். பிள்ளைகள் அமெரிக்காவிலோ ஒயிட்ஃபீல்டிலோ இருப்பார்கள். நம் ஊர் டிராஃபிக்கில் இரண்டும் ஒரே தூரம்தான். "தம்பி, சிஸ்டம் ஸ்லோவா இருக்கு" என்று போன் வரும். போய்ப் பார்த்தால் சிஸ்டம் நன்றாகவே ஓடும். ஆனால் ஃபேஸ்புக்கில் சார் பெயரில் வேறு யாரோ அவருடைய சம்பந்தியிடம் கடன் கேட்டுக்கொண்டிருப்பான்.

அந்த வீடுகளில் நான் செய்கிற வேலையை, செய்கிற வரிசையிலேயே எழுதுகிறேன். எல்லாரும் ஆன்ட்டிவைரஸில் ஆரம்பிக்கச் சொல்வார்கள். நான் அதைத் தொடுவதற்கே ஒரு மணி நேரம் ஆகும்.

முதலில் ஈமெயில்

பேங்க், ஃபேஸ்புக், போட்டோக்கள், ரயில் டிக்கெட் எல்லாவற்றுக்கும் "பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா?" என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதை அழுத்தினால் பெரும்பாலும் கடிதம் போய்ச் சேருகிற இடம் உங்கள் ஈமெயில். அது ஒருவன் கைக்குப் போனால் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகப் போகும். அதனால் ஜிமெயிலைத் திறந்து, கூகுள் அக்கவுன்ட்டில் செக்யூரிட்டி பக்கத்துக்குப் போய், ரெக்கவரி போன் நம்பர் என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். பல வீடுகளில் அது எப்போதோ விட்டுவிட்ட பழைய சிம். விட்டுப்போன நம்பரை 90 நாள் கழித்து கம்பெனிகள் வேறு ஆளுக்குக் கொடுக்கலாம். உங்கள் ரெக்கவரி நம்பர் இன்றைக்கு யார் சட்டைப் பையில் இருக்கிறதோ! முதலில் அதை மாற்றுங்கள்.

அப்புறம் அதே பக்கத்தில், பாஸ்வேர்டோடு இரண்டாவதாக ஒரு சரிபார்ப்பும் கேட்கிற டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனை ஆன் செய்யுங்கள். பத்து பேக்கப் கோடுகள் கொடுப்பார்கள். அதை பிரின்ட் எடுத்து பீரோவில் பத்திரங்களோடு வையுங்கள். போன் தொலைந்துபோன அன்று அந்தக் காகிதம்தான் உதவும்.

பாஸ்வேர்டுக்கு ஒரு வழி சொல்கிறேன். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு தமிழ் வார்த்தைகளை இங்கிலீஷ் எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். முருங்கை, ஏணி, செவ்வாய், ஓசூர் என்பது மாதிரி. (இதையே வைத்துவிடாதீர்கள்.) திருக்குறள் முதல் வரி வேண்டாம், பேத்தி பெயரும் பிறந்த வருஷமும் வேண்டாம். ஈமெயிலுக்கு வைத்ததை வேறு எங்கும் வைக்கக் கூடாது. நோட்டில் எழுதி வைக்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாக எழுதலாம். இன்டர்நெட்டில் இருக்கிற திருடன் உங்கள் பீரோவைத் திறக்கப்போவதில்லை. ஆனால் தினசரி காலண்டர் அட்டையில் எழுதித் தொங்கவிடுவது வேண்டாம். கேஸ் சிலிண்டர் போட வருகிறவர் வரைக்கும் எல்லாரும் படிக்கிறார்கள்.

வாட்ஸ்அப்

செட்டிங்ஸ், அக்கவுன்ட், டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன். ஆறு இலக்க பின் ஒன்று வைத்து, கூடவே ஈமெயிலையும் கொடுத்துவிடுங்கள். எஸ்.எம்.எஸ்ஸில் வருகிற ஆறு இலக்க எண்ணை யாரோ ஏமாற்றி வாங்கிவிட்டாலும், இந்த பின் இல்லாமல் உங்கள் வாட்ஸ்அப்பை அவன் போனில் திறக்க முடியாது. பிரைவசியில் குரூப்ஸ் என்ற இடத்தில் "மை கான்டாக்ட்ஸ்" என்று மாற்றினால், தெரியாத ஆட்கள் உங்களை ஷேர் மார்க்கெட் குரூப்பில் சேர்த்துவிட்டு வேடிக்கை காட்டுவது நிற்கும். அதே பிரைவசியில் கால்ஸ் என்ற இடத்தில் தெரியாத அழைப்புகளை மணி அடிக்காமல் செய்துவிடலாம். கூப்பிட்டது பட்டியலில் இருக்கும், வேண்டுமானால் பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் லிங்க்டு டிவைசஸ். இதைத் திறந்து பார்க்காமல் நான் எந்த வீட்டிலிருந்தும் கிளம்ப மாட்டேன். ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுக்க வாட்ஸ்அப் வெப் திறந்திருப்பார்கள், லாக் அவுட் பண்ணியிருக்க மாட்டார்கள். கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும், அவருக்கு அடுத்து அந்த நாற்காலியில் உட்காருகிறவர் யார்? பட்டியலில் உங்களுக்குத் தெரியாத கம்ப்யூட்டர் எது இருந்தாலும் அதைத் தொட்டு லாக் அவுட் கொடுங்கள்.

ஜெராக்ஸ் கடை என்றதும் இன்னொன்று. ஆதாரைக் கடைக்காரர் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி பிரின்ட் எடுக்கிறோம். காகிதம் நம் கையில் வந்துவிடுகிறது, ஃபைல் அந்தக் கடையின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடக்கிறது. ஊரே அங்கே கிடக்கிறது. ஆதார் இணையதளத்தில் மாஸ்க்டு ஆதார் என்று ஒன்று கிடைக்கும். கடைசி நாலு எண் மட்டும்தான் அதில் தெரியும். கேட்கிற இடம் ஏற்றுக்கொள்ளும் என்றால் அதையே கொடுங்கள். பிரின்ட் எடுத்ததும், "அண்ணா, ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணிடுங்க" என்று பக்கத்தில் நின்று சொல்லுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆதார் ஆப்பில் கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதியும் உண்டு; கைரேகை வைத்துப் பணம் எடுக்கிற மோசடிக்கு அது தடை.

கல்யாணப் பத்திரிகை

வாட்ஸ்அப்பில் பத்திரிகை வருகிறது. அனுப்பியவர் உங்களுக்குத் தெரிந்தவர்தான், ஏனென்றால் அவர் போன் ஏற்கனவே மோசடிக்காரன் கைக்குள் போய்விட்டது. ஃபைல் பெயர் கடைசியில் ஏ.பி.கே. என்று இருக்கும், அதாவது அது ஒரு ஆன்ட்ராய்ட் ஆப். பத்திரிகை என்றால் படமாக வரும், பி.டி.எஃப். ஆக வரும், வீடியோவாக வரும். "இன்ஸ்டால்" என்று கேட்கிற பத்திரிகை உலகத்தில் கிடையாது. தொட்டு இன்ஸ்டால் செய்து, கேட்கிற அனுமதியெல்லாம் கொடுத்தால், அந்த ஆப் உங்கள் எஸ்.எம்.எஸ்ஸைப் படிக்கும், பேங்க் அனுப்புகிற ஓ.டி.பி. நேராக அவனுக்குப் போகும். நீங்கள் வாயைத் திறந்து யாரிடமும் ஓ.டி.பி. சொல்லவே வேண்டியதில்லை. டிராஃபிக் அபராதம், கேஸ் மானியம், பேங்க் கே.ஒய்.சி. என்ற பெயர்களிலும் இதே ஏ.பி.கே. சுற்றுகிறது.

ஆன்ட்ராய்ட் போனில் செட்டிங்ஸுக்குள் போய் "இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்" என்று தேடுங்கள். வாட்ஸ்அப், குரோம், ஃபைல் மேனேஜர் மூன்றுக்கும் ஆஃப் செய்துவிடுங்கள். ஏற்கனவே இன்ஸ்டால் ஆகிவிட்டது என்றால் முதலில் ஃப்ளைட் மோட், வைஃபையும் ஆஃப். வேறொரு போனிலிருந்து பேங்குக்குச் சொல்லுங்கள். போனை ஃபேக்டரி ரீசெட் செய்வதெல்லாம் அதற்கு அப்புறம்.

ஃபேஸ்புக்கில் உங்கள் பெயரில் இன்னொருவர்

இதற்கு பாஸ்வேர்டைத் திருட வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் படத்தைக் காப்பி எடுத்து, உங்கள் பெயரில் புதுக் கணக்கு திறந்து, உங்கள் ஃப்ரெண்ட்ஸ் பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவருக்காக ரிக்வெஸ்ட் அனுப்புவான். முன்பு "ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், பத்தாயிரம் அனுப்பு" என்று நேராகக் கேட்பார்கள். இப்போது "என் நண்பர் சி.ஆர்.பி.எஃப்.பில் இருக்கிறார், டிரான்ஸ்பர் ஆகிவிட்டது, வீட்டு சாமான்களை மலிவாகக் கொடுக்கிறார்" என்று வருகிறது. அரை விலையில் ஃப்ரிட்ஜ், சோபா, ஏ.சி. என்றால் நம் ஆட்களும் உடனே மயங்கிவிடுகிறார்கள்.

அந்தப் பட்டியல்தான் அவனுக்கு முதலீடு, அதை மறையுங்கள். பிரைவசி செட்டிங்ஸில் ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட்டை யார் பார்க்கலாம் என்பதை "ஒன்லி மீ" ஆக்குங்கள். 2020லிருந்து இந்தியாவில் ப்ரொஃபைலையே பூட்டும் வசதி இருக்கிறது, அதையும் போட்டுவிடலாம். போலிக் கணக்கு வந்துவிட்டால், அந்தப் பக்கத்துக்குப் போய் ரிப்போர்ட் கொடுத்து, "ஒருவர் என்னைப் போல நடிக்கிறார்" என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். தெரிந்தவர்கள் நாலைந்து பேரையும் ரிப்போர்ட் செய்யச் சொல்லுங்கள்.

எதைப் போடக் கூடாது என்று பெரிய பட்டியல் போட மாட்டேன். ஊருக்குப் போகிற படத்தைத் திரும்பி வந்து போடுங்கள். பேரனின் எஸ்.எஸ்.எல்.சி. மார்க் ஷீட்டைப் போடாதீர்கள்; பிறந்த தேதி, அப்பா அம்மா பெயர், ரிஜிஸ்டர் நம்பர், பள்ளிக்கூடம் எல்லாம் அதில் இருக்கிறது. "625க்கு 590" என்று எழுதினால் போதாதா, பெருமைக்கு என்ன குறைச்சல்?

கம்ப்யூட்டருக்கு வருவோம்

சிஸ்டம் விண்டோஸ் 10 என்றால், 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்திவிட்டது. பதிவு செய்துகொண்ட வீட்டு சிஸ்டங்களுக்கு மட்டும் நீட்டிப்பு கொடுத்தார்கள். இதைச் சொன்னதும் "புதுசு வாங்கணுமா?" என்று முகம் வாடும். எட்டாம் தலைமுறை இன்டெல் பிராசஸரோ அதற்கு மேலோ இருந்தால் பெரும்பாலும் விண்டோஸ் 11 இலவசமாக ஏறும். அதைவிடப் பழசு என்றால் நான் விண்டோஸுக்குப் பதிலாக இலவசமான லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்துவிடுவேன். யூடியூபும் ஈமெயிலும் பார்க்கிறவர்கள் கொஞ்ச நாளில் வித்தியாசத்தையே மறந்துவிடுகிறார்கள்.

கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் சிஸ்டம் அசெம்பிள் செய்து வாங்கும்போது "விண்டோஸ், ஆபீஸ் எல்லாம் ஃப்ரீயா போட்டுத் தர்றேன்" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கிராக் செய்த சாஃப்ட்வேர் ஓடுவதற்கு முதல் வேலையாகப் பாதுகாப்பை அணைக்கச் சொல்லும். அணைத்தபின் உள்ளே வேறு என்ன வந்தது என்று யார் பார்ப்பது? கடிதம் அடிக்க, கணக்கு எழுத லிப்ரே ஆபீஸ் இலவசம், தமிழும் அதில் ஒழுங்காக வரும்.

ஆன்ட்டிவைரஸ் காசு கொடுத்து வாங்க வேண்டுமா? என் அபிப்பிராயம், வீட்டுக்கு வேண்டாம். விண்டோஸோடு வருகிற டிஃபென்டர் போதும். இரண்டு ஆன்ட்டிவைரஸ் போட்டுவைத்துவிட்டு ஸ்லோ என்று என்னைக் கூப்பிடுகிற வீடுகள் உண்டு. அதைவிடப் பெரிய பாதுகாப்பு ஒன்றைச் செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் பக்கத்தில் செய்யலாம். அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு ஒன்றைத் தனியாக வைத்து, தினசரி உட்காருகிற கணக்கை ஸ்டாண்டர்ட் யூசர் ஆக்குங்கள். பேரன் கேமை டவுன்லோட் செய்து இன்ஸ்டால் கொடுத்தால் பெரும்பாலும் அட்மின் பாஸ்வேர்ட் கேட்டு நிற்கும். தாத்தாவிடம் வந்துதான் ஆக வேண்டும்.

ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்யுங்கள். விண்டோஸ் இதைத் தானாக மறைத்து வைத்திருக்கும். டிக் செய்தபிறகுதான் "பில் டாட் பி.டி.எஃப்." என்று நினைத்தது உண்மையில் "பில் டாட் பி.டி.எஃப். டாட் இ.எக்ஸ்.இ.", அதாவது ஒரு புரோகிராம் என்று தெரியும்.

சைரன் ஒலியோடு திரை முழுக்க "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், இந்த நம்பருக்கு போன் செய்யவும்" என்று வரும். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்காது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பிரவுசரைத் தேர்ந்து எண்ட் டாஸ்க் கொடுங்கள். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களைத் திறக்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம்.

இப்போது இன்னொன்று கிளம்பியிருக்கிறது. "நான் ரோபோ இல்லை" என்று டிக் செய்யச் சொல்லும் பக்கம், கூடவே "விண்டோஸ் கீயும் ஆர்-உம் அழுத்து, கன்ட்ரோல் வி அழுத்து, என்டர் அழுத்து" என்று சொல்லும். நீங்கள் உங்கள் கையாலேயே வைரஸை ஓட்டுகிறீர்கள், டிஃபென்டர் பாவம் என்ன செய்யும். எந்த நல்ல இணையதளமும் உங்களை அப்படி அழுத்தச் சொல்லாது.

போட்டோக்களை ஒரு எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்கில் காப்பி எடுத்து, ஒயரைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். செருகியே வைத்திருந்தால் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற ரான்சம்வேர் வரும்போது அதுவும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும்.

போனில் பேசுகிறவர்கள்

"இன்று ராத்திரி 9.30க்கு கரன்ட் கட்" என்று மெசேஜ், பார்சலில் போதைப் பொருள் என்று ஒரு போன், வீடியோவில் போலீஸ் உடுப்பு. "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று சட்டத்தில் எதுவும் கிடையாது. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே மன் கீ பாத்தில் சொல்லிவிட்டார். முன்பெல்லாம் இந்தியில் பேசினால் நம் மாமிகள் "இந்தி நஹி" என்று வைத்துவிடுவார்கள், தப்பித்தார்கள். இப்போது சுத்தமான தமிழிலேயே பேசுகிறார்கள். பேசுகிறவர் யாராக இருந்தாலும் மரியாதை பார்க்காமல் வைத்துவிட்டு, பாஸ்புக்கிலோ கார்டின் பின்னாலோ அச்சிட்டிருக்கிற நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்கள். கூகுளில் தேடிக் கிடைக்கிற கஸ்டமர் கேர் நம்பரை நம்ப வேண்டாம், அதிலும் போலிகள் இருக்கின்றன. எனி டெஸ்க் மாதிரி ஸ்க்ரீனைக் காட்டுகிற ஆப்பைப் போடச் சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்தது. பணம் வாங்க யு.பி.ஐ. பின் தேவையில்லை, பின் கேட்டால் பணம் உங்களிடமிருந்துதான் போகிறது.

பணம் போய்விட்டால்

நேரம் பார்க்காமல் சைபர் மோசடிக்கான அரசு உதவி எண் 1930க்கு அடியுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் அதை முடக்கத்தான் அந்த நம்பர். "காலையில் பையனைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றால் போயே போச்சு. யு.டி.ஆர். எண் (அந்தப் பணப் பரிமாற்றத்தின் அடையாள எண்), தொகை, நேரம் மூன்றும் பேங்க் எஸ்.எம்.எஸ்ஸில் இருக்கும், கையில் வைத்துக்கொள்ளுங்கள். பேங்குக்கும் உடனே சொல்லுங்கள். 2017ல் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, நீங்களே ஓ.டி.பி. சொல்லியிருந்தால்கூட, பேங்குக்குத் தகவல் சொன்னதற்கு அப்புறம் போகிற பணத்துக்கு பேங்க்தான் பொறுப்பு. அதனால் புகார் எண்ணையும் நேரத்தையும் எழுதி வாங்குங்கள். தேசிய சைபர்கிரைம் போர்ட்டலிலும் புகார் பதியலாம். வெட்கத்தில் சாட்டை அழித்துவிடாதீர்கள், எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள்.

கொஞ்ச நாள் கழித்து, "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், ஃபீஸ் மட்டும் கட்டுங்கள்" என்று ஒரு போன் வரலாம். ஏமாந்தவர்களின் நம்பர் கை மாறி விற்பனைக்குப் போகிறது, அப்படி வருகிற போன்தான் அது. 1930க்கும் போர்ட்டலுக்கும் எந்த ஃபீஸும் கிடையாது.