மளிகைக் கடையில் எந்தச் சரக்கு சம்பாதிக்கிறது? 80/20 கணக்குப் போடும் முறை

நடுத்தர மளிகைக் கடையில் ஐந்நூறு வகைச் சரக்காவது இருக்கும். அத்தனையையும் ஒரே கவனத்தோடு பார்க்க ஆளும் கிடையாது, நேரமும் கிடையாது. லாபத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் 20 சதவீதச் சரக்கிலிருந்தே வரும் என்பதுதான் 80/20 கணக்கு. லாபத்தின் பெரும்பகுதியைக் கொடுக்கும் அந்தச் சில சரக்குகளைத் தனியே பிரித்துவிட்டால் பாதி வேலை குறையும். இத்தாலியப் பொருளியல் அறிஞர் பரேட்டோவின் பெயரால் ஜோசப் ஜூரான் தரக் கட்டுப்பாட்டில் பரப்பிய யோசனைதான் இது. எக்செல் தெரிந்தால் போதும்.

1. விற்பனைக் கணக்கை எடுங்கள்

மூன்று மாதக் கணக்கு வேண்டும். தீபாவளி, பொங்கல் மாதங்களை விட்டுவிடுங்கள். வெல்லமும் நெய்யும் முந்திரியும் வரிசையையே புரட்டிவிடும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை எடுக்கலாம். பில் போடும் மென்பொருள் இல்லையா? தொடக்க இருப்போடு வாங்கியதைக் கூட்டி, கடைசி இருப்பைக் கழியுங்கள். விற்ற அளவு கிடைத்துவிடும்.

2. ஒவ்வொரு சரக்கின் லாபம்

விற்பனை விலையிலிருந்து அடக்க விலையைக் கழித்து, விற்ற அளவால் பெருக்குங்கள். அடக்க விலையில் வண்டி வாடகை, இறக்குக்கூலி, மூட்டை பிரித்து நிறுக்கையில் ஆகும் சேதாரம் எல்லாம் அடங்க வேண்டும். ஜிஎஸ்டியை ஒரு விலையில் சேர்த்து மறு விலையில் விட்டால் மொத்தக் கணக்கும் தப்பு.

3. லாபப்படி அடுக்குங்கள்

பலரும் சறுக்குவது இங்கேதான்: விற்பனைத் தொகையை வைத்து அடுக்கிவிடுவார்கள். சர்க்கரை 600 கிலோ, கிலோவுக்கு 2 ரூபாய் என்றால் லாபம் 1,200. சாம்பார் பொடி 250 பாக்கெட், பாக்கெட்டுக்கு 8 ரூபாய் என்றால் 2,000. கல்லாவில் அதிகப் பணம் விழுவது சர்க்கரையால். கையில் நிற்பது பொடியால்.

4. கோடு போடுங்கள்

மேலிருந்து லாபத்தைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். மொத்த லாபம் 90,000 என்றால் 72,000 வரை (80 சதவீதம்) வருபவை ‘அ’, 85,500 வரை (95 சதவீதம்) ‘ஆ’, மீதி ‘இ’. ‘அ’ சரியாக 20 சதவீதச் சரக்காக வராவிட்டால் பயப்படாதீர்கள். 15-ம் வரலாம், 30-ம் வரலாம். 80 என்பது லாபத்தின் பங்கு, 20 என்பது சரக்கு எண்ணிக்கையின் பங்கு. இரண்டும் கூடி நூறு ஆக வேண்டியதில்லை.

ஒரே எண்ணெயின் அரை லிட்டர், ஒரு லிட்டர் பாக்கெட்டுகளைத் தனித்தனி வரியில் எழுதுங்கள். மூன்று மாதம் ஆகாத புதுச் சரக்கை இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

5. இனி செய்ய வேண்டியது

‘அ’ சரக்கு ஒரு நாளும் தீரக் கூடாது. துவரம் பருப்பு தினம் 12 கிலோ போகிறது, ஆர்டர் கொடுத்தால் வர 3 நாள் ஆகிறது என்றால் 36 கிலோ. லாரி தாமதத்துக்கு இன்னும் 2 நாள், 24 கிலோ. இருப்பு 60 கிலோவைத் தொட்டதும் ஆர்டர் போய்விட வேண்டும். வாரம் ஒருமுறை எண்ணுங்கள். கண்ணுக்கு நேரே உள்ள தட்டும் இவற்றுக்குத்தான்.

‘ஆ’ சரக்கை மாதம் இருமுறை பார்த்தால் போதும்.

‘இ’ சரக்கை அப்படியே தூக்கி எறிந்துவிடாதீர்கள். உப்பு, தீப்பெட்டி, சூடம் எல்லாம் பெரும்பாலும் இங்கேதான் விழும். அவை இல்லாத கடைக்கு முழு மாத லிஸ்டோடு யாரும் வர மாட்டார்கள். வெட்ட வேண்டியது வேறு: ஒரே சோப்புத்தூளுக்கு ஆறு பிராண்டு இருந்தால் மூன்றாக்குங்கள். மூன்று மாதத்தில் ஒன்றுகூட விற்காததை ஏஜென்சி திரும்ப எடுக்குமா என்று கேளுங்கள். எடுக்காவிட்டால், தேதி முடியும் முன்பே அடக்க விலைக்குத் தள்ளிவிடுங்கள்.

பண்டிகை மாதங்களுக்கு, போன வருடத்து அதே மாத பில்களை வைத்துத் தனிப் பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள்.