பப் ரிவ்யூ எழுதுவது எப்படி? பெங்களூரிலிருந்து ஒரு செய்முறை

"ஆம்பியன்ஸ் சூப்பர், ஃபுட் ஓகே." பெங்களூரு பப்புகளைப் பற்றிய ரிவ்யூக்களில் பாதி இப்படித்தான் இருக்கின்றன. இதைப் படித்துவிட்டு அங்கே போகலாமா வேண்டாமா என்று யாராலும் முடிவெடுக்க முடியாது. அந்த நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று சொல்லுங்கள், அது போதும்.

1. இரண்டு தடவை போங்கள். செவ்வாய், புதனில் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு தடவை, சனிக்கிழமை ஒன்பது மணிக்கு மேல் ஒரு தடவை. ஒரு கடையைச் சனிக்கிழமைக் கூட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுக் குறை சொல்லி எழுதினேன். அப்புறம் ஒரு புதன்கிழமை போனால் அதே மெனு, அதே அடுப்பு, சாப்பாடு அவ்வளவு அருமை. எழுதியதை மாற்றினேன்.

2. அந்த இடத்தின் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ரெஸ்ட் ஹவுஸ் ரோட்டில் பெக்கோஸ் என்ற பப் 1989-லிருந்து இருக்கிறது, குறுகலான படிக்கட்டு, சுவரெல்லாம் ராக் போஸ்டர், மக்கில் பீர், ஸ்பீக்கரில் ஓடுவதும் அந்தப் போஸ்டரில் இருப்பவர்கள் காலத்துப் பாட்டு. அதே போஸ்டர்களைப் புதுக்கடையில் ஒட்டிவிட்டு ரீமிக்ஸ் போட்டால் அது வெறும் அலங்காரம்தான், அதையும் தயங்காமல் எழுதுங்கள்.

3. சத்தத்தை அளந்து எழுதுங்கள். இதைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள், எனக்கு இதுதான் முக்கியம். போனில் டெசிபல் மீட்டர் ஆப் ஒன்றைப் போட்டுக்கொண்டு உங்கள் மேஜையில், பார் கவுண்டரில், ஸ்பீக்கர் பக்கத்தில் என்று மூன்று இடத்தில் பாருங்கள். வேலையிடங்களுக்கு அமெரிக்காவின் நியோஷ் (தொழிலாளர் பாதுகாப்பை ஆராயும் அரசு நிறுவனம்) வைத்திருக்கும் வரம்பு 85 டெசிபலில் எட்டு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும், அப்படிப் பார்த்தால் 94-ல் ஒரே மணி நேரம். போன் மீட்டர் துல்லியமாக இருக்காது, ஆனால் எந்த மூலையில் உட்கார்ந்தால் பேச முடியும் என்று காட்டிவிடும். நாம் இரண்டு மணி நேரத்தில் கிளம்பிவிடுவோம், தினமும் அங்கே தட்டு எடுக்கும் பையன்களை நினைத்துப் பாருங்கள். பேண்ட் வாசிக்கும் நாளாக இருந்தால் பாடுபவர் குரல் கடைசி மேஜை வரை தெளிவாகக் கேட்கிறதா, வாசித்து முடித்ததும் யாராவது கைதட்டுகிறார்களா என்பதையும் கவனியுங்கள்.

4. சாப்பாடு. சைடிஷ் வந்ததும், குடிப்பதற்கு முன்னால், இரண்டு வாய் சாப்பிட்டுவிடுங்கள். சில்லி போர்க்கோ கடலை மசாலாவோ எதுவாக இருந்தாலும் கடைசித் துண்டை ஆறவைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள், பழைய எண்ணெய் அப்போதுதான் காட்டிக்கொடுக்கும். இந்திராநகர் டாய்ட் மாதிரி தாங்களே பீர் காய்ச்சும் இடங்களில் கோதுமை பீர் குடித்தால் வாழைப்பழமும் கிராம்பும் கலந்த வாசனை வரலாம். அது ஈஸ்ட்டிலிருந்து வருவது, எசென்ஸ் கலந்துவிட்டார்கள் என்று எழுதிவிடாதீர்கள்.

5. பில்லைப் படம் எடுத்து வையுங்கள். மது ஜிஎஸ்டிக்குள் வராது, அதற்கு மாநில வரி தனி. சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. பில்லில் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள், எடுத்தார்களா என்று எழுதுங்கள்.

6. மறுநாள் காலையிலேயே எழுதிவிடுங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணி, எத்தனை பேர், பில் எவ்வளவு என்பது முதல் வரியிலேயே வரட்டும். குடிக்காதவருக்கு அங்கே என்ன கிடைக்கும், படி ஏற முடியாதவர் உட்கார இடம் உண்டா, பெண்கள் கழிப்பறையில் தாழ்ப்பாள் ஒழுங்காக இருக்கிறதா என்பதையும் கேட்டாவது சேருங்கள். என் வீட்டில் யாரும் குடிப்பதில்லை, ஆனால் பாட்டு கேட்க எல்லோரும் வருவார்கள், இந்த மூன்றையும் நான் எந்த ரிவ்யூவிலும் தேடுவேன்.