கன்று நடும் முன்னே செய்துவிடும் தவறுகள்

விவசாய நிலத்தில் ஒரு பகுதியை மறுபடி காட்டுக்கு விட நினைப்பவர் முதலில் ஓடுவது நாற்றங்காலுக்குத்தான். இருநூறு கன்று, ஒரு நாள் விழா, நாலு புகைப்படம். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. நடுவது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. பல நிலங்களில் அது தேவைப்படுவதே இல்லை.

மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள நைஜரில் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலியர் சில ஆண்டுகள் கன்று நட்டுப் பார்த்தார். பெரும்பாலானவை பட்டுப்போயின. வெறும் புதர் என்று எல்லோரும் நினைத்திருந்தவை, வெட்டிய மரங்களின் அடிக்கட்டையிலிருந்து வரும் துளிர்கள் என்று 1983-இல்தான் அவருக்கு உறைத்தது. விதைப்புக்கு முன் உழவர்கள் ஆண்டுதோறும் அவற்றை வெட்டி நிலத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். கட்டைக்குச் சில நல்ல துளிர்களை விட்டு மற்றவற்றைக் கழித்தால் போதும், மண்ணுக்குள் முதிர்ந்த வேர் இருப்பதால் மரம் விறுவிறுவென எழும்பிவிடும். இப்படி அந்நாட்டில் சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் திரும்பின. அவற்றுக்கு நடுவிலேயே தானியமும் விளைகிறது. எனவே ஒதுக்கிய இடத்தை உழுது, கிளறி, ‘சுத்தம்’ செய்துவிடாதீர்கள். ஒரு பருவம் சும்மா விட்டு, தானாக என்ன வருகிறது என்று பாருங்கள். எதுவுமே வராவிட்டால் அப்புறம் நடலாம்.

வருவதெல்லாம் நல்லது என்றும் சொல்லமாட்டேன். சீமைக் கருவேலமும் தானாகத்தான் வரும். அதை இடுப்பளவு வளரவிட்டுவிட்டுப் பிறகு பிடுங்க நினைப்பவர் வாடகை இயந்திரத்துக்குக் காசு எடுத்துவைக்க வேண்டியதுதான். முளையிலேயே அடையாளம் கண்டு கிள்ளத் தெரிந்த ஒருவரை ஒரு நாள் கூட்டிவந்து நிலத்தைச் சுற்றிக் காட்டுவது எவ்வளவோ மேல்.

இன்னொரு மயக்கம், மீட்பு என்றாலே மரம் என்பது. அந்த நிலம் ஆதியில் புல்வெளியாக இருந்திருந்தால், அங்கே மரத்தை நெருக்கி நடுவதும் ஒருவகை அழிப்புதான். வெயில் வேண்டிய புல்லும், தரையில் முட்டையிடும் பறவைகளும் நிழல் விழுந்ததும் போய்விடும். பழைய வரைபடம், பக்கத்தில் உழவு படாமல் கிடக்கும் ஒரு துண்டு நிலம், ஊர்ப் பெரியவர்களின் நினைவு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அங்கே முன்பு என்ன இருந்தது என்று ஓரளவு பிடிபடும்.

இடத் தேர்வில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். பயிருக்கு உதவாத ஏதோ ஒரு மூலையைத் தள்ளிவிடுவது வழக்கம். இழப்பு இல்லைதான், ஆனால் பண்ணைக்கு அதனால் பலனும் குறைவு. அமெரிக்காவின் ஐயோவாவில் மக்காச்சோளம், சோயா பயிராகும் சரிவு நிலங்களில் 10 விழுக்காட்டை மட்டும் நாட்டுப் புல்லும் பூச்செடியும் கொண்ட பட்டைகளாக மாற்றிப் பார்த்தார்கள். வயலை விட்டு அடித்துச்செல்லும் மண் சுமார் 95 விழுக்காடு குறைந்தது. காரணம், பட்டைகளைத் தண்ணீர் ஓடிவரும் வழிக்குக் குறுக்கேயும் சரிவின் அடியிலும் வைத்ததுதான். மேற்கு ஆஸ்திரேலியக் கோதுமை நிலங்களில் இதற்கு நேர்மாறானது நடந்தது. ஆழ வேர்விடும் காட்டை அழித்து, மேலோட்டமாக வேர்விடும் பயிர் வைத்தார்கள். உறிஞ்ச ஆளில்லாமல் நிலத்தடி நீர் மேலேறி, அடியில் கிடந்த உப்பையும் கூட்டிவந்தது. பத்து லட்சம் ஹெக்டேருக்கும் மேல் உப்பு பூத்துக் கெட்டது. அந்த மாதிரி இடத்தில் உப்புப் பூத்த பள்ளத்தில் மட்டும் நட்டால் போதாது. நீர் மண்ணுக்குள் இறங்கும் மேட்டிலும் மரம் வேண்டும்.

காற்றுத் தடுப்பு வரிசையிலும் ஒரு கணக்கு உண்டு. பத்து மீட்டர் உயர மரங்கள் காற்றடிக்கும் திசைக்கு மறுபுறம் நூறு மீட்டருக்கும் மேல் பயிரைக் காக்கும், ஆனால் மரத்தை ஒட்டிய பத்து, இருபது மீட்டரில் வேர்ப்போட்டியால் விளைச்சல் குறையும். இதை முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளாதவர்தான் ஐந்தாம் வருஷம் கோடாலியோடு வருகிறார். அந்த ஓரத்தில் வண்டிப்பாதை விட்டுவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்தது. சுவர்போல அடைத்து நடுவதும் தப்பு. காற்று கொஞ்சம் ஊடுருவிப் போனால்தான் மறுபக்கம் சுழன்றடிக்காது.

உரம் போடுகிற கை சும்மா இருக்காது. பல ஆண்டுகள் மணிச்சத்து (பாஸ்பரஸ்) கொட்டிய வயலில் நாட்டுத் தாவரத்தைவிடக் களைகளே முந்திக்கொள்ளும், ஏனென்றால் பசித்த மண்ணுக்குப் பழகியவற்றுக்குக் கொழுத்த மண் எந்தச் சாதகமும் தராது. ஆஸ்திரேலியாவின் நாட்டுத் தாவரங்களான பாங்சியா, ஹேக்கியா வகைகளில் பல, மணிச்சத்து கூடினாலே கருகிவிடும். அதனால் அங்கே சில இடங்களில் மேல்மண்ணையே கொஞ்சம் வழித்து எடுத்துவிட்டு விதை தூவுகிறார்கள். அதைக் கேட்டதும் எந்த விவசாயிக்கும் வயிறு எரியும், எனக்கும் எரிந்தது. ஆனால் களைவிதையும் அதிகப்படி உரமும் அந்த மேல்மண்ணில்தான் இருக்கின்றன.

மாடு, ஆடு விஷயத்துக்கு வருவோம். நட்ட பிறகு வேலி போடுவது கன்றை அவற்றுக்குத் தீனியாக வைப்பதுதான். ஓடைக்கரையை அடைக்கிறீர்களா? அதற்கு முன்பே வேறு இடத்தில் தண்ணீர்த் தொட்டி வைத்துவிடுங்கள், இல்லையென்றால் தாகம் எடுத்த மாடு வேலியைச் சாய்க்கும். அடைத்துவிட்டு அப்படியே மறந்துவிடவும் கூடாது. சில புல்வெளிகளில் மேய்ச்சலே இல்லாவிட்டால் நாலைந்து புல்வகை மட்டும் அடர்ந்து, சிறிய செடிகளை மூடிவிடும். புல் விதை உதிர்த்த பின் சில நாள் மட்டும் மாட்டை விட்டு வெளியே எடுத்தால் நல்லது. எத்தனை நாள், எத்தனை மாடு என்பதற்குப் பொது விடை கிடையாது, புல்லின் உயரத்தைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

பக்கத்து வயலில் தெளிக்கும் களைக்கொல்லி காற்றில் மிதந்து வரும் என்பதைப் பலரும் யோசிப்பதில்லை. மெல்லிய நீளப் பட்டை முழுக்க ஓரமாகவே இருக்கிறது. அதே பரப்பை ஒரு கொத்தாக, முடிந்தால் பக்கத்திலுள்ள பழைய புதர்க்காட்டைத் தொடும்படி அமைத்தால் உள்பகுதியாவது தப்பும். சரிவு நிலத்தில் பட்டைதான் வேண்டுமென்றால் நல்ல அகலமாக விடுங்கள்.

கடைசியாக, சட்டம். சில நாடுகளில் தானாக வளர்ந்த நாட்டு மரம் குறிப்பிட்ட வயதையோ உயரத்தையோ தாண்டிவிட்டால் சொந்த நிலமே ஆனாலும் வெட்ட அனுமதி வாங்க வேண்டும். பிரேசிலில் தனியார் பண்ணையில் இத்தனை பங்கு இயற்கைத் தாவரமாக இருந்தே ஆகவேண்டும் என்று 2012-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அமேசான் காட்டுப் பகுதியில் அது 80 விழுக்காடு. பாதை, கிணறு, வருங்காலக் கொட்டகை எங்கே வரும் என்று தாளில் கோடு போட்டுவிட்டு அப்புறம் வேலிக்கம்பம் ஊன்றுங்கள்.