முடக்குவாதக்காரர்கள் ஸ்டீராய்டைக் கணக்காகச் சாப்பிடுவது எப்படி?

ரூமட்டாய்டு முடக்குவாதத்துக்குப் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை எழுதித்தந்ததும் பெரும்பாலானவர்களுக்கு நேர்வது இதுதான்: இரண்டே நாளில் விரல் மடங்குகிறது, தோசை திருப்ப முடிகிறது, ‘இனி வேறு மருந்தே வேண்டாம்’ என்று தோன்றுகிறது. 1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மருத்துவர் பிலிப் ஹென்ச் முதல் நோயாளிக்குக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைப் போட்டபோதும் இதே அதிசயம்தான். 1950-ல் நோபல் பரிசும் கிடைத்தது. பக்கவிளைவுகளின் பட்டியல் நீண்டதும் அதே காலத்தில்தான்.

ஸ்டீராய்டு இங்கே தற்காலிகப் பாலம். நோயைப் பிடித்துவைக்கும் மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்து வேலை செய்ய 6 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை மூட்டு அரிபட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் ஸ்டீராய்டின் வேலை. வலி போய்விட்டதே என்று மெத்தோட்ரெக்சேட்டை விட்டுவிட்டு ஸ்டீராய்டை மட்டும் வருடக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே நாள் மட்டும் என்பதும் நினைவிருக்கட்டும். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. காலண்டரில் அந்தக் கிழமையை வட்டமிட்டு வையுங்கள். ஃபோலிக் ஆசிட் வேறு கிழமையில்.

அட்டையில் இருக்கும் எண்

பெயர் வேறாக இருந்தாலும் மருந்து ஒரே குடும்பம்தான், பலம் மட்டும் மாறும். பிரெட்னிசோலோன் 5 மி.கி. = மெத்தில்பிரெட்னிசோலோன் 4 மி.கி. = டெஃப்லாசகார்ட் 6 மி.கி. = டெக்சாமெத்தசோன் 0.75 மி.கி. டெஃப்லாசகார்ட் 6-லிருந்து பிரெட்னிசோலோன் 5-க்கு மாற்றினால் டோஸ் குறைந்ததாக அர்த்தமில்லை. மெத்தில்பிரெட்னிசோலோன் 16 என்றால் பிரெட்னிசோலோன் 20-க்குச் சமம். ‘உடம்பு வலிக்கு’ என்று போடும் 4 மி.கி. டெக்சா ஊசி ஒன்று, பிரெட்னிசோலோன் 25 மி.கி.-க்கும் மேல்.

மூட்டில் போடும் ஊசியும் கணக்கில் சேரும், அதன் மருந்து வாரக்கணக்கில் உடம்பில் இருக்கும். கடையில் பிரித்துத் தரும் ‘செட் மாத்திரை’, பெயரில்லாத சூரணம், லேபிள் இல்லாத கேப்ஸ்யூல் இவற்றை நம்பவே வேண்டாம். வாத வலி இரண்டு நாளில் மாயமாகி, ஒரு மாதத்தில் முகம் உருண்டையாகி, நிறுத்தியதும் வலி இரட்டிப்பாகத் திரும்பினால் அதற்குள் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அதையும் திடீரென நிறுத்தாமல் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

எப்போது, எப்படி

காலை எட்டு மணியளவில், சாப்பிட்டபின், ஒரே வேளையாக. சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் நம் அட்ரினல் சுரப்பி, உடம்பின் சொந்த ஸ்டீராய்டான கார்ட்டிசாலை விடியற்காலையில்தான் அதிகம் சுரக்கிறது. இரவில் மாத்திரை போட்டால் அந்த ஒழுங்கு கெடும், தூக்கமும் போகும். மறந்துவிட்டால் அன்றைக்குள் நினைவு வந்தபோது போடுங்கள். மறுநாள் இரண்டு சேர்த்துப் போட வேண்டாம். விரதம், நோன்பு நாட்களிலும் மாத்திரை நிற்கக் கூடாது. நேரத்தை எப்படி மாற்றுவது என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையும் சேர்ந்தால் வயிற்றில் புண் வரும் வாய்ப்பு கூடும். அப்போது வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பேன்டோப்ரசோல் அவசியம்.

குறைப்பது

கஷ்டமெல்லாம் இங்கேதான். உடம்பு தானாக ஒரு நாளில் சுரக்கும் கார்ட்டிசால் ஏறக்குறைய பிரெட்னிசோலோன் 5 மி.கி. அளவு. மூன்று நான்கு வாரத்துக்கு மேல் அதைவிட அதிகமாக வெளியிலிருந்து கொடுத்தால் சுரப்பி ‘எனக்கு வேலையில்லை’ என்று தூங்கிவிடும். திடீரென நிறுத்தினால் அது எழுந்துகொள்ளாது. ரத்த அழுத்தம் விழும், வாந்தி, வயிற்று வலி, மயக்கம். இதில் உயிர் போகலாம்.

பொதுவாக மருத்துவர்கள் கடைப்பிடிக்கும் வேகம் இது. 20 மி.கி.-க்கு மேல் இருக்கும்போது ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை 5 மி.கி. குறையும். 20-லிருந்து 10 வரை 2.5 மி.கி. வீதம். 10-க்குக் கீழே வந்ததும் மாதத்துக்கு 1 அல்லது 2.5 மி.கி.தான். 20-லிருந்து 15-க்கு வருவது எளிது, 5-லிருந்து 2.5-க்கு வருவதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். முன்னது கால் பங்குக் குறைவு, பின்னது பாதி.

1 மி.கி. மாத்திரை எல்லாக் கடையிலும் கிடைக்காது. அதற்கு ஒரு வழி உண்டு: ஒருநாள் 5, மறுநாள் 2.5 என்று மாற்றி மாற்றிப் போட்டால் சராசரி 3.75. ஒரு மாதம் கழித்துத் தினமும் 2.5. அடுத்து ஒருநாள் விட்டு ஒருநாள் 2.5. மருத்துவர் ஒப்புக்கொண்ட அட்டவணையைச் சுவரில் ஒட்டி, போட்ட நாளை டிக் செய்யுங்கள். மாற்றி மாற்றிப் போடும்போது நினைவை நம்ப முடியாது. பாதியாக்க மருந்துக் கடையில் கிடைக்கும் மாத்திரை வெட்டியைப் பயன்படுத்துங்கள், கத்தியில் வெட்டினால் பொடியாகும். குடலில் கரையும்படி மேலே பூச்சு போட்டவற்றை வெட்டவே கூடாது.

குறைத்தபின் வலி வந்தால் உடனே பழைய டோஸுக்குத் திரும்பாதீர்கள். நோய் கிளம்பியதா, சுரப்பி திணறுகிறதா என்று பிரித்துப் பாருங்கள். மூட்டு வீங்கிச் சூடாக இருக்கிறது, காலை இறுக்கம் ஒரு மணிநேரத்துக்கு மேல் நீடிக்கிறது, அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான சிஆர்பி, இஎஸ்ஆர் ஏறியிருக்கிறது என்றால் நோய்தான். மூட்டில் வீக்கமே இல்லை, ஆனால் உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி அசதி, குமட்டல், எழுந்தால் தலைசுற்றல் என்றால் சுரப்பியைச் சந்தேகிக்க வேண்டும். அன்றைய மாத்திரை போடும் முன், காலை எட்டு மணிக்கு ரத்தத்தில் கார்ட்டிசால் பாருங்கள். டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சுரப்பி எழுந்துவிட்டது என்று கொள்ளலாம். 5-க்குக் கீழே என்றால் இன்னும் தூக்கத்தில்தான்.

மூன்றாவது வகை வலியும் உண்டு. நாள் முழுக்க வேலை செய்தபின் மாலையில் வரும் தேய்மான வலிக்கு ஸ்டீராய்டைக் கூட்டிப் பயனில்லை. வெந்நீர் ஒத்தடம், பாராசிட்டமால், மணிக்கட்டுப் பட்டை போதும். ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதைவிடக் குழாயில் சுற்றி இழுத்தால் விரல் தப்பும்.

காய்ச்சல் வந்தால்

அரைத்தூக்கத்தில் இருக்கும் சுரப்பியால் காய்ச்சல் நாளில் கூடுதலாகச் சுரக்க முடியாது. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால், 5 மி.கி. போடுபவர்களுக்குப் பொதுவாக அதை இரட்டிப்பாக்கி, காலை 5, மாலை 5 என்று காய்ச்சல் விடும்வரை தருவார்கள். உங்கள் அளவு என்ன என்பதை முன்பே சீட்டில் எழுதி வாங்கி வையுங்கள். மாத்திரை போட்டு அரைமணிக்குள் வாந்தி வந்தால் மறுபடி ஒன்று. அதுவும் வயிற்றில் நிற்காவிட்டால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய் ‘நான் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிடுபவர், ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மி.கி. ஊசி தேவைப்படலாம்’ என்று சொல்லுங்கள். அறுவைக்கும் பல் பிடுங்கலுக்கும் முன்பு இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஸ்டீராய்டு காய்ச்சலை மறைக்கவும் செய்யும். லேசான சூடு, இரண்டு வாரம் தாண்டிய இருமல், எடைக் குறைவு என்றால் சளிப் பரிசோதனை செய்யுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் தினம் 15 மி.கி. போடுபவர்களுக்குக் காசநோய் கிளம்பும் வாய்ப்பு அதிகம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால் பிரெட்னிசோலோனின் பலம் பாதியாகக்கூடக் குறையலாம். எனவே இரண்டு மருத்துவர்களும் ஒருவர் மருந்தை ஒருவர் அறிந்திருக்க வேண்டும். வயலில் வெறுங்காலுடன் வேலை செய்தவர்கள் பெரிய டோஸ் தொடங்கும் முன் ஸ்ட்ராங்கிலாய்டிஸ் புழுவுக்குச் சோதித்துக்கொள்வது நல்லது. சும்மா குடலில் கிடக்கும் புழு, ஸ்டீராய்டு வந்தால் உடம்பெங்கும் பரவும்.

சர்க்கரை, எலும்பு, கண்

காலையில் பிரெட்னிசோலோன் போட்டால் சர்க்கரை மதியத்துக்கு மேல்தான் ஏறும். வெறும்வயிற்றுப் பரிசோதனை 95 காட்டி ஏமாற்றும். மதிய உணவுக்கு இரண்டு மணிநேரம் கழித்தும் இரவு உணவுக்கு முன்பும் பாருங்கள்.

எலும்பு முதல் சில மாதங்களிலேயே வேகமாகக் கரைகிறது. 2.5 மி.கி. ஆனாலும் மூன்று மாதத்தைத் தாண்டுவதானால் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் பற்றிக் கேளுங்கள். நாளுக்குக் கால்சியம் 1,000 முதல் 1,200 மி.கி. தேவை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350, ஒரு டம்ளர் பாலில் சுமார் 240 உண்டு. மீதிக்கு மட்டும் மாத்திரை, அதையும் சாப்பாட்டோடு. எலும்பு கரைவதைத் தடுக்கும் அலெண்ட்ரோனேட் 70 மி.கி. மாத்திரையை வாரமொருமுறை எழுதியிருந்தால், வெறும்வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீருடன் விழுங்கி அரைமணி நேரம் படுக்காமல் இருங்கள். படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும்.

கண்புரைக்கும் கண் அழுத்தத்துக்கும் வருடம் ஒருமுறை பரிசோதனை. தொடை இடுக்கில் நடக்கும்போது விடாத வலி வந்தால் வாதம் என்று தள்ளிவிடாமல் எம்ஆர்ஐ கேளுங்கள். இடுப்பு மூட்டின் எலும்பு ரத்த ஓட்டமின்றிச் சாகும் நோய் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது.

பசி பேயாக எடுக்கும். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் குறைத்தால் கால் வீக்கம் குறைய உதவும். வாரம் ஒருமுறை கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்துமுறை எழுந்து பாருங்கள். போன வாரம் முடிந்தது இந்த வாரம் முடியவில்லை என்றால் தொடைத் தசை கரைகிறது. அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை வைத்திருக்காமல் ஃபோனில் சொல்லிவிடுங்கள்.

பர்ஸில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கட்டும்: மருந்தின் பெயர், இன்றைய டோஸ், தொடங்கிய தேதி, ‘திடீரென நிறுத்தக் கூடாது’ என்ற வரி, மருத்துவரின் எண். டோஸ் மாறும் ஒவ்வொரு தடவையும் பழைய சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதுங்கள்.